ஆடை வகுத்த அம்மையாரும் நமது தறியும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் தொழிலைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு காரியதரிசி அவர்கள் எனக்குப் பணித்தார்கள். தமிழாசிரியன் ஒருவன் நெசவைப் பற்றிப் பேச எழுந்தால், சிலப்பதிகாரம் கூறும் புகார் நகரத்துக் காருகர் இருக்கையையும், பொருநராற்றுப்படை பாம்பின் உரிக்கு ஒப்பிட்டுப் போற்றும் நுண்ணிய ஆடையையும், தறியில் இருந்துகொண்டே சிவபெருமான் திருவடியை மறவாதிருந்த நேச நாயனார் வரலாற்றையும் எடுத்துரைத்து அமர்வான் என்றே நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அவையெல்லாம் நமக்குப் பெருமை தருவனவே. ஆயினும் பழம்பெருமையால் இன்றைய உலை கொதிப்பதில்லை. ஆதலின் யான் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ளுகின்றேன். ஒரு புடைவையின் அழகை நிச்சயிப்பவர் யார், அந்த நிச்சயத்தால் வரும் பெயரும் பொருளும் யாரைச் சேர்கின்றன என்பதே அப்பொருள்.

புடைவை உருவாவதற்கு இழை வேண்டும், கை வேண்டும், கருத்தும் வேண்டும். பட்டிழை பெரும்பாலும் கருநாடகத்திலிருந்தும், சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் நமக்கு வருகின்றன. கை நம்முடையது. உடலுக்கு எந்நிறம், கரைக்கு எந்நிறம், கரையின் அகலம் எவ்வளவு, முந்தியில் எவ்வுரு, சரிகை எங்கே வேண்டும், எங்கே வேண்டா என்று முடிவு செய்வது கருத்தின் வேலை. இவ்வேலை செய்வாரை டிசைனர் என்று உலகம் வழங்குகின்றது. யான் அவரை ஆடை வகுப்போர் என்று சொல்லுவேன்.

முன்னாளில் இக்கருத்தும் தறி வீட்டிலேயே குடியிருந்தது. ‘அடை’ கட்டத் தெரிந்த முதியவர் மயில்கண், ருத்திராட்சம், கோபுரம், தாழம்பூ முதலிய உருக்களை மனத்திலேயே எண்ணி, அவற்றை நூலில் முடிந்து வைத்தார். பின்னர் ஜக்கார்டுப் பெட்டி வந்தது. உருவைக் கட்டத்தாளில் வரைபவர் ஒருவர், அதற்கேற்ப அட்டையில் துளையிடுபவர் ஒருவர், நெய்பவர் ஒருவர் என்று வேலை பிரிந்தது. இப்பொழுது கட்டத்தாளின் இடத்தைக் கணிப்பொறி பெரும்பாலும் கைக்கொண்டுவிட்டது. அட்டை நம் வாயிற்படி ஏறும்போதே கருத்து வேலை முடிந்துபோயிருக்கின்றது. நெய்பவனுக்கு எஞ்சியது கூலி.

இந்நிலையை நன்குணர்வதற்கு, ஆடை வகுப்பதைத் தம் வாழ்க்கைப் பணிகளுள் ஒன்றாகக் கொண்டு, நம் காஞ்சிப் பட்டுக்குப் புதுமதிப்புத் தேடித் தந்த ஒருவரின் வரலாறு துணை செய்யும். அவரே ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார். நாட்டியத்தால் அவரை அறிந்தோர் பலர். புடைவையால் அறிந்தோர் சிலரே.

அம்மையார் 1904ஆம் ஆண்டு பிப்பிரவரி 29ஆம் நாள் மதுரையிற் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரியார் அரசாங்கப் பொறியாளர்; பிரம்ம ஞான சபையில் ஈடுபாடு கொண்டு, உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றிற் குடியேறினார். அம்மையார் 1920இல் ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயரை மணந்தார். அக்காலத்தில் இம்மணம் ஊரெங்கும் பெருங்கண்டனத்துக்கு உள்ளாயிற்று. கணவருடன் பல நாடுகளுக்குச் சென்றார். 1928இல் பம்பாயில் அன்னா பாவ்லோவா என்னும் உருசிய நாட்டிய அரசியின் ஆட்டத்தைக் கண்டதும், பின் அவருடன் ஒரே கப்பலில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றதும் அவர் மனத்தை ஆடற்கலையின்பால் திருப்பின. மயிலாப்பூர்க் கௌரி அம்மாளிடமும், பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களிடமும் பயின்று, 1935இல் அடையாற்றில் அரங்கேறினார். மறு ஆண்டே கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதுவே பின்னர்க் கலாக்ஷேத்திரம் என்னும் பெயர் பெற்றது.

அரங்கேறியவர்க்கு ஓர் இடர் எதிர்ப்பட்டது. ஆட்டத்துக்கு ஏற்ற ஆடை எங்கே? அக்காலத்துச் செல்வர் வீடுகளில் ஷிபான், ஜார்ஜெட்டு முதலிய மெல்லிய அயல்நாட்டுத் துணிகளின் மோகம் மிகுந்திருந்தது. இரசாயனச் சாயம் பரவியிருந்தது. பழைய கனத்த கரையும், ஒன்றையொன்று எடுத்துக் காட்டும் நிறங்களும் வழக்கொழியத் தொடங்கியிருந்தன. கடையிற் கிடைப்பதை வாங்கி மனநிறைவு கொள்ளும் இயல்பினர் அல்லர் அம்மையார். 1937ஆம் ஆண்டில் தம் கலைப்பள்ளியிலேயே நெசவுப் பகுதி ஒன்றை நிறுவினார். பள்ளி தோன்றி ஓராண்டே ஆகியிருந்த நிலையில் அவர் தறியை நாடினார் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அங்கே அவர் செய்தது யாது? பழைய புடைவைகளைத் தேடிப் பார்த்தார். கோயிற் சிற்பங்களிற் காணும் ஆடையமைதியைக் கண்டறிந்தார். பெருங்கரையையும், கோயில் சார்ந்த உருக்களையும், துணிந்து சேர்த்த நிறங்களையும் மீண்டும் தறிக்குக் கொணர்ந்தார். புதிதாக ஓர் உருவைப் படைப்பதினும் பழைய உருக்களுள் எதனை எடுப்பது, எதனை விடுப்பது என்னும் தேர்ச்சியே அவருடைய தனித்திறம் என்று யான் கருதுகின்றேன். ஓரிடத்தில் நெருக்கமாக உரு வந்தால் அதனை அடுத்த இடம் வெறுமையாக இருத்தல் வேண்டும். செய்யுளில் அடைமொழி மிகுந்தால் பொருள் மறைவது போலச் சரிகை மிகுந்தால் நிறம் மறையும். இந்த அளவறிதலே ஆடை வகுப்போரின் இலக்கணம்.

மற்றொன்றும் உண்டு. அழகை அறிந்தாற் போதாது. அதனை வேண்டுவாரையும் உண்டாக்குதல் வேண்டும். அம்மையார் இப்புடைவைகளைத் தாமே உடுத்தார். தம் மாணாக்கியரும் உடுத்தனர். 1944இல் குற்றாலக் குறவஞ்சி தொடங்கி அவர் அமைத்த நாட்டிய நாடகங்களில் ஆடையும் அணியும் அரங்கமும் ஒரே நோக்குடன் வகுக்கப்பட்டன. மினுக்குத் துணிகளுக்கு அங்கே இடமில்லை. நாடகம் காண வந்தவர் ஆடையையும் கண்டார், கண்டவர் விரும்பினார், விரும்பியவர் கேட்டார். கலாக்ஷேத்திரப் புடைவை என்று ஒருவகை தனிப்பெயர் பெற்றது. விளம்பரத்துக்கு ஒரு காசு செலவிடாமல் வாங்குவோரின் சுவையை மாற்றிய இவ்வழியை வாணிகம் செய்வோர் ஊன்றி நோக்குதல் நன்று. பிற்காலத்தில் கமலாதேவி சட்டோபாத்தியாயா அம்மையாரின் ஊக்கத்தால் இயற்கைச் சாயங்கொண்டு துணியில் எழுதும் கலம்காரிப் பணியும் அங்கே இடம் பெற்றது.

தமிழாசிரியனாகிய எனக்கு மிகவும் இனிக்கும் செய்தி ஒன்றை இங்கே கூறுவேன். மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1942இல் மறைந்தார்கள். அவர்கள் ஊர் ஊராகத் தேடித் தொகுத்த ஏட்டுச் சுவடிகளைக் காப்பதற்கு 1943இல் அவர்கள் பெயரால் நூல்நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தவரும் இவ்வம்மையாரே. ஐயரவர்கள் செல்லரித்த ஏட்டைத் தேடிச் சென்றார்கள். அம்மையார் பெட்டியில் மடிந்து கிடந்த புடைவையைத் தேடினார். இரண்டும் ஒரே பணியின் இரு கூறுகள். ஏடு எழுத்தால் ஆகிய நினைவு. பழம்புடைவை இழையால் ஆகிய நினைவு. முன்னதைக் காக்க நூல்நிலையங்கள் உள்ளன. பின்னதைக் காக்க நம் தெருவில் என்ன இருக்கின்றது?

கருத்தும் கையும் ஒன்றாதல் நம் நாட்டுக்கு மட்டும் உரிய வேட்கையன்று. ஆங்கில நாட்டில் வில்லியம் மாரிஸ் என்னும் புலவர் 1861இல் நண்பர்களுடன் கூடி வீட்டுப் பொருள்களும் துணிகளும் வகுக்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஆலைச் சாயம் அவருக்குப் பிடிக்கவில்லை. லீக் என்னும் ஊரில் தாமஸ் வார்டில் என்பவரின் சாயச்சாலைக்குச் சென்று, தொட்டியில் கைவிட்டுச் சாயமிடக் கற்றார். 1879இல் தம் படுக்கையறையிலேயே தறியொன்றை நிறுவி, 500 மணி நேரத்துக்கு மேல் உழைத்துச் சித்திரத் திரையொன்றைத் தாமே நெய்து முடித்தார். 1881இல் மெர்ட்டன் ஆபி என்னுமிடத்தில் தொழிற்சாலை அமைத்தார். செல்வக் குடியிற் பிறந்து துணியை வகுத்த புலவர் ஒருவர் தறியில் அமர்ந்து கற்கவும் துணிந்தார். அங்ஙனமாயின், தறியிலேயே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் வகுக்கத் துணியாதிருப்பது ஏன்?

தறியறிவு இல்லாத கருத்து நெடுந்தூரம் செல்லாது என்பதனை இங்குள்ள இளைஞர் பொருட்டுச் சிறிது விளக்குவேன். உடல் ஒரு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருக்கும் கோர்வைப் புடைவையில் மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளல் வேண்டும். முந்திக்கு வேறு நிறம் வேண்டுமாயின், உடற்பாவின் ஒவ்வோர் இழையோடும் முந்திப் பாவின் இழையைத் திரித்து இணைத்தல் வேண்டும்; அதுவே பேட்னி. தாளில் வரையும்போது கரையின் விளிம்பில் கோபுரப் பல் ஒன்றை எளிதில் வரைந்துவிடலாம். அப்பல் எத்தனை ஓட்டத்தில் ஏறி எத்தனை ஓட்டத்தில் இறங்கினால் பிணைப்பு உறுதியாகும் என்பதைத் தறி அறிந்தவன் அறிவான். ஆகவே வகுப்பவர்க்கு நெய்பவர் ஆசிரியர். நெய்பவர்க்கு வகுப்பவர் கண்ணாடி.

இனி, கசப்பான ஒரு செய்தியையும் சொல்லாமல் விடுதல் முறையன்று. அம்மையார் கற்ற ஆடற்கலை எங்கிருந்து வந்தது? கோயிலையும் சதிரையும் சார்ந்து வாழ்ந்த மரபுக் குடும்பங்களிடமிருந்து வந்தது. அவருக்குக் கற்பித்த கௌரி அம்மாளும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்களும் அம்மரபினரே. தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது. பெண்களைப் பொட்டுக்கட்டும் கொடுமை ஒழிய வேண்டியதே. ஆயினும் கலை புதிய மேடை ஏறிப் புகழ் பெற்ற அதே காலத்தில், அக்கலையை நூற்றாண்டுகளாகக் காத்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையை இழந்தனர். பாலசரஸ்வதி அம்மையாரைப் போல மரபின் வழிநின்று உலகப் புகழ் எய்தியோர் மிகச் சிலரே. அம்மையாரின் தொண்டைக் குறைத்துக் கூற யான் இதனைச் சொல்லவில்லை. மரபாசிரியர்களைத் தம் பள்ளிக்கு அழைத்துப் போற்றியவர் அவர். ஆனால் ஒருவரின் நல்லெண்ணம் மட்டுமே ஒரு குடியைக் காக்கமாட்டாது. கலை வாழக் கலைக்குடி தேய்தல் நம் கண்முன்னே நடந்துள்ளது. பட்டு வாழ நெசவுக்குடி தேயாது என்பதற்கு என்ன உறுதி உண்டு?

விடுதலைக்குப் பின் அரசாங்கம் வாளாவிருக்கவில்லை. 1952இல் அகில இந்தியக் கைத்தறி வாரியம் அமைந்தது. 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் தோன்றின. புபுல் ஜயகர் அம்மையார் அம்முயற்சிக்கு முதன்மையாக நின்றார். ஓவியர்களைத் தறிக்கருகே கொணர்வதே அவற்றின் நோக்கம். கே. ஜி. சுப்பிரமணியன் 1959 முதல் 1961 வரை பம்பாயில் கைத்தறி வாரியத்தின் ஆடை வகுப்புப் பணியில் இருந்தார். நம் தமிழ்நாட்டு ஓவியர் ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்திற் பணியாற்றியவரே. நம் காஞ்சியிலும் அத்தகைய மையம் ஒன்று உள்ளது. சேலத்தில் 1960இல் கைத்தறித் தொழில்நுட்பக் கல்விநிலையம் நிறுவப்பட்டது. சென்னையில் 1995 முதல் தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் நடைபெறுகின்றது. கதவுகள் திறந்தே உள்ளன. நுழைவோரில் தறி வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம்மை நாமே வினவுதல் வேண்டும்.

விற்கும் வழியிலும் நம் ஊரார் பின்தங்கியவர் அல்லர். காஞ்சியிலிருந்து சென்னைக்குப் புடைவை கொண்டுசென்று விற்ற நல்லி சின்னசாமிச் செட்டியார் 1928இல் தியாகராய நகரிற் கடை வைத்தார். அக்கடையின் பெயர் இன்று கடல் கடந்தும் வழங்குகின்றது. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் கூட்டுறவின் வழியை நமக்குக் காட்டிற்று. நெய்யத் தெரிந்தவர் நம்மிடம் உளர். விற்கத் தெரிந்தவரும் நம் ஊரில் உளர். இடைநின்று வகுக்கும் கலையையே நாம் பிறர் கையில் விட்டுவிட்டோம்.

சட்டம் எவ்வளவு காக்கும் என்பதையும் தெளிந்து கொள்வோம். 1985ஆம் ஆண்டுச் சட்டம் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியது. எனினும் விசைத்தறித் துணி கைத்தறியின் பெயரால் விற்கப்படுவது நாம் அறியாததன்று. காஞ்சிபுரம் பட்டு 2005-06ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீடு ஊரின் பெயரையும் செய்முறையையும் காக்கும். ஒருவர் புதிதாக வகுத்த உருவை அது காவாது. அதற்கு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் உண்டு. அதன்படி பதிவு செய்த புதிய உருவுக்கு 10 ஆண்டு உரிமை கிடைக்கும்; பின்னும் 5 ஆண்டு நீட்டலாம். பதிவு செய்வதற்கு முதலில் நம்மிடம் உரு இருத்தல் வேண்டும். அதனை வகுத்தவரும் நம்மவராக இருத்தல் வேண்டும்.

என் வகுப்பில் நான் காண்பதையும் சொல்லுகின்றேன். யாப்பிலக்கணம் நடத்தும்போது சில மாணாக்கர் குறிப்பேட்டின் ஓரத்தில் ஏதோ வரைந்துகொண்டிருப்பார்கள். எட்டிப் பார்த்தால் அன்னம், மாங்காய், வைர ஊசி. பெரும்பாலும் தறி வீட்டுப் பிள்ளைகள்! சீரும் தளையும் அவர்கள் மனத்திற் பதியச் சற்றுத் தாமதமாகின்றது. ஓர் உரு எத்தனை கட்டத்துக்கு ஒருமுறை திரும்பி வரவேண்டும் என்பதோ கேளாமலே பதிந்திருக்கின்றது. இப்பிள்ளைகளே பின்னர் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் பேருந்து ஏறுகின்றார்கள். மாதந்தோறும் தவறாத சம்பளத்தை நாடிச் செல்லும் அவர்களைக் குறை கூற எனக்கு மனமில்லை. முன்னாளிற் கோர்வைத் தறியின் மூன்றாவது நாடாவை எறியச் சிறுவரை அமர்த்தினோம். இன்று அவர்கள் பள்ளியில் இருக்கின்றார்கள். அது நன்றே. அந்த வழக்கம் மீளவேண்டா. ஆனால் பள்ளி சென்ற பிள்ளை தறிக்குத் திரும்ப வேண்டுமாயின், கூலியாளாகத் திரும்பமாட்டான்; வகுப்போனாகவே திரும்புவான்.

‘பட்டணத்துக் கலைப்பள்ளியாரின் வேலை நமக்கு எதற்கு?’ என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். அம்மையார் நெசவுக் குடியிற் பிறந்தவர் அல்லர். ஆயினும் முயன்று கற்றார். பட்டின் நுட்பம் அவருக்கு வசமாயிற்று. கலை பிறப்பினால் மட்டும் ஒருவர்க்கு உடைமையாவதில்லை, பயில்பவர்க்கே உரியதாகும். குலத்தொழில் என்று சொல்லிக்கொண்டு பயிற்சியைக் கைவிட்டால், நம்மிடம் எஞ்சுவது குலப்பெயர் ஒன்றே.

ஆகவே சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றேன். முதலாவது, நம் வீட்டுப் பெட்டிகளில் உள்ள பழம்புடைவைகளின் கரை, முந்தி, உரு ஆகியவற்றைப் படமெடுத்து, நிறமும் இழைக்கணக்கும் குறித்து, நெய்தவர் பெயர் தெரிந்தால் அதனையும் எழுதித் தொகுத்தல் வேண்டும். இஃது உ. வே. சா. அவர்கள் ஏட்டுக்குச் செய்த பணி போன்றது. தாய்மார்களின் உதவி இன்றி இது நிறைவேறாது. பெட்டியின் திறவுகோல் அவர்களிடமே உள்ளது. இரண்டாவது, சங்கத்தின் கல்வி நிதியில் ஒரு பகுதியை, தறி வீட்டு ஆணும் பெண்ணுமாகிய பிள்ளைகள் ஓவியமும் கணிப்பொறி வரைவும் ஆடை வகுப்பும் கற்பதற்கென ஒதுக்குதல் வேண்டும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் நாம் தரும் மதிப்பை இக்கல்விக்கும் தருதல் வேண்டும். மூன்றாவது, நம்மவர் விற்கும் புடைவை ஒவ்வொன்றிலும் அதனை நெய்தவர் பெயரும் வகுத்தவர் பெயரும் எழுதிய சிறு சீட்டு இணைத்தல் வேண்டும். பாடலுக்குப் புலவர் பெயர் உண்டு. சிற்பத்துக்குச் சிற்பி பெயர் சிலவிடத்து உண்டு. பல நாள் உழைத்து நெய்த பட்டுக்கு மட்டும் கடையின் பெயரே உண்டு என்பது நீதியாகாது.

1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு பிரதமர் மொரார்ஜி தேசாய் வேண்டியபோது அம்மையார் அதனை மறுத்துத் தம் பள்ளியிலேயே இருந்துவிட்டார் என்பது பலரும் அறிந்த செய்தி. 1986ஆம் ஆண்டு பிப்பிரவரி 24ஆம் நாள் அவர் மறைந்தார். நெசவுப் பகுதியைத் தொடங்கிய ஆண்டிலிருந்து எண்ணினால் 49 ஆண்டுகள். ஆடை வகுப்போரின் வாழ்க்கைக்கு நாள்தோறும் தறியருகே நின்று பார்க்கும் பொறுமையே முதற்பொருள் என்பதை அவ்வாண்டுகள் காட்டும். அப்பொறுமை நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக உள்ளது. அதனுடன் கல்வியையும் துணிவையும் சேர்ப்பதே நாம் செய்யத்தக்கது.

அடுத்த ஆண்டுக் கூட்டத்திற்குள் நூறு பழம்புடைவைகளின் குறிப்பாயினும் இச்சங்கத்தில் தொகுக்கப்பட வேண்டும் என்று வேண்டி, அதனை எழுதும் வேலையில் ஒரு பகுதியை யானே ஏற்றுக்கொள்ளுகின்றேன் என்றும் தெரிவித்து அமர்கின்றேன்.